வேக்கம் ஏறவில்லையா? எஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்

செம்பனை ஆலையில் எண்ணெயின் ஈரத்தை வெற்றிடத்தில் போக்கும் வேக்கம் டிரையரின் தலைமாட்டில் நின்று, அந்த வெற்றிடத்தை (வேக்கத்தை) உண்டாக்கும் எஜெக்டரில் சுழலும் பாகம் ஒன்றுமே கிடையாது. பேரிங் இல்லை, பெல்ட் இல்லை, மோட்டார் இல்லை. ஸ்டீம் வரும் நாஸில் ஒன்று, பக்கத்தில் உறிஞ்சும் வாய் ஒன்று, எதிரே நடுவில் ஒடுங்கி மறுபடி விரியும் டிஃப்யூசர் ஒன்று, அவ்வளவுதான். அப்படியிருந்தும் வேக்கம் விழுந்த உடனே நம் ஆட்கள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அதன் மேல்தான் ஏறுகிறார்கள். அந்த வரிசையில் கெட்டுப்போக ஆகக் குறைந்த வாய்ப்புள்ள சாமான் அதுதான். கெடுவது அதற்கு வரும் ஸ்டீம், கண்டென்சருக்கு வரும் தண்ணீர், டிரையர் பக்கம் இருக்கும் ஓட்டை.

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்ட ஆலைகளில் இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் தம்பிமாரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு கட்ட எஜெக்டர், நடுவே தண்ணீர் தெளிக்கும் பாரோமெட்ரிக் கண்டென்சர் என்ற அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆலையில் எஜெக்டருக்குப் பதில் வாட்டர் ரிங் பம்ப் இருந்தால் ஓட்டை பற்றிய பகுதியும் எண்ணெயின் ஈரம் பற்றிய பகுதியும் மட்டும் போதும்.

வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் அறிகுறி புரியும். நாஸிலின் ஒடுங்கிய தொண்டையைத் தாண்டி விரியும்போது ஸ்டீம் ஒலியை விட வேகமாகப் பாய்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் அடியோடு விழுகிறது; டிரையரிலிருந்து நீராவியும் காற்றும் உள்ளே இழுபடுகின்றன. இரண்டும் கலந்து டிஃப்யூசரில் வேகம் குறைய, அந்த வேகமே அழுத்தமாகத் திரும்புகிறது. வெளியே எதிர்க்கும் அழுத்தத்தை ஒரு வரம்பு வரை எஜெக்டர் அசராமல் தாங்கும். வரம்பைத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது, ஒரேயடியாகக் கையை விரித்துவிடும். காலையில் 700 மி.மீ. காட்டிய வேக்கம் கேஜ் பத்து நிமிடத்தில் 600-க்கு வந்து நிற்பது இதனால்தான். எஜெக்டர் உடைந்துவிட்டது என்று அப்போது எல்லாருக்கும் தோன்றும். உண்மையில் அது உடையவில்லை. அதன் வரம்பைத் தாண்டி யாரோ தள்ளியிருக்கிறார்கள். யார் தள்ளியது என்று கண்டுபிடிப்பதே வேலை.

முதலில் கேஜ்

நாம் படிப்பது வெளிக்காற்றோடு ஒப்பிட்ட அளவு. தெலுக் இந்தான் போன்ற கடல்மட்டத் தாழ்நிலத்தில் வெளிக்காற்று சுமார் 760 மி.மீ. பாதரசம். கேஜ் 700 காட்டினால் உள்ளே மிச்சம் 60 மி.மீ., அதாவது சுமார் 80 மில்லிபார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 41, 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். எண்ணெய் 85, 90 டிகிரியில் உள்ளே வருவதால்தான் அதிலுள்ள ஈரம் பறந்துபோகிறது. இதே கேஜை கேமரன் மலையில் மாட்டினால் 700 என்ற எண்ணை ஒருநாளும் பார்க்க முடியாது. அங்கே வெளிக்காற்றே அவ்வளவு இல்லை.

நம் ஊரில் வெளிக்காற்று தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் பள்ளம். வித்தியாசம் மூன்று நான்கு மில்லிபார்தான். கேஜில் இது இரண்டு மூன்று மி.மீ. ஆட்டமாகத் தெரியும். அதற்கெல்லாம் பதறி வால்வைத் திருகக் கூடாது. ஆனால் 15, 20 மி.மீ. குறைந்தால் அது வானிலை இல்லை.

கேஜ் பொய் சொல்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, ஆலை நின்றிருக்கும்போது முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது. திரும்பாமல் 20-ல் நின்றால் மேலே படிக்க வேண்டாம், கேஜை மாற்றுங்கள். கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயில் எண்ணெய் உறைந்து அடைத்திருந்தால் முள் எங்கேயோ ஒட்டிக்கொண்டு நிற்கும். இதையும் கவனியுங்கள்.

ஸ்டெரிலைசர் திறக்கும்போதெல்லாம் வேக்கம் விழுகிறது

நம் பக்கத்து ஆலைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாய்லரில் 20 பார் வாக்கில் கிளம்பும் ஸ்டீம் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் கொடுத்துவிட்டு, 3 பார் வாக்கில் பேக் பிரஷர் வெசல் என்ற ஸ்டீம் கலத்துக்கு வருகிறது. அங்கிருந்துதான் பழக்குலையை ஸ்டீமில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரும் டைஜெஸ்டரும் எண்ணெய் டாங்குகளும் எடுத்துக்கொள்கின்றன. பல இடங்களில் எஜெக்டரையும் அதே வெசலில் கோத்திருப்பார்கள். பழக்குலை நிறைந்த ஸ்டெரிலைசர் ஒன்று வாயைத் திறந்தால் எவ்வளவு ஸ்டீமை விழுங்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று பீக் போடும், அதாவது ஒரே வேக்காட்டில் மூன்று தடவை ஸ்டீம் ஏற்றும் ஆலையில் ஒவ்வொரு பீக்குக்கும் வெசல் அழுத்தம் இறங்கும். 3 பாருக்கு வடிவமைத்த நாஸிலுக்கு 2.5 வந்தால் அதன் வேகமும் ஸ்டீம் அளவும் குறைந்து, எஜெக்டர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இதை உறுதி செய்ய எஜெக்டரின் வாய்க்கு ஓர் அடி முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். வெசல் மேல் இருக்கும் கேஜைப் பார்த்துவிட்டு, "ஸ்டீம் நல்லாதான் இருக்குண்ணே" என்று சொல்வார்கள். வெசலுக்கும் எஜெக்டருக்கும் நடுவே நாற்பது அடி பைப், ஒரு ஸ்ட்ரைனர், பாதி திறந்த ஒரு வால்வ் இருக்கின்றன. அதையெல்லாம் கடந்து என்ன வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்டெரிலைசர் திறக்கும் நேரத்தையும் இந்தக் கேஜையும் வேக்கம் கேஜையும் ஒரே தாளில் ஒரு சைக்கிள் முழுக்க எழுதிப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஆடினால் வழக்கு முடிந்தது.

உடனடி மருந்து, இரண்டு ஸ்டெரிலைசர்களை ஒரே நேரத்தில் திறக்காமல் நேரத்தைத் தள்ளி வைப்பது. இதற்குச் செலவே கிடையாது, ஆனால் ஷிப்டுக்கு ஷிப்ட் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நிரந்தர மருந்து, எஜெக்டருக்கு உயர் அழுத்த லைனிலிருந்து தனியாக ஒரு பைப் எடுத்து, அதற்கென்று ஒரு ரெடியூசிங் வால்வ் போடுவது. பிரஷர் வெசலில் புது இணைப்பு வெல்டு செய்வதென்றால் ஜே.கே.கே.பி. (தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அழுத்தம் குறைகிறதே என்று ரெடியூசிங் வால்வைத் தேவைக்கு மேல் ஏற்றி வைப்பது பலருக்குப் பழக்கம். நாஸில் வழியாகக் கூடுதல் ஸ்டீம் பாய்ந்தால் டிஃப்யூசர் தொண்டையில் அந்த ஸ்டீமே இடத்தை அடைத்துக்கொள்ளும், இழுக்க வேண்டிய காற்றுக்கு இடம் குறையும். எஜெக்டரின் பெயர்ப் பிளேட்டில் எழுதிய அழுத்தத்துக்குக் கீழே போகவே கூடாது. மேலே கொஞ்சம் போகலாம், நிறையப் போனால் திறனும் குறையும், ஸ்டீமும் வீண்.

முள் ஆடுகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது

நல்ல எஜெக்டரின் சத்தம் ஒரே சீரான சீறல். அது நடுநடுவே தொண்டையைக் கனைத்தால் ஈர ஸ்டீம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஸ்டீமோடு வரும் தண்ணீர்த் துளி நாஸிலைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஜெட் ஒரு நொடி கலைகிறது.

பைப்பின் பாதையைக் கையில் டார்ச்சோடு நடந்து பாருங்கள். ஸ்டீம் பைப், ஹெடர் என்ற பிரதான பைப்பின் மேல்பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ எடுத்திருந்தால் அங்கே தேங்கும் தண்ணீரையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள். எஜெக்டருக்கு முன்னால் ஸ்டீம் செபரேட்டரும் அதன் அடியில், ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் டிராப்பும் வேண்டும். டிராப் வேலை செய்கிறதா என்று தெரிய, முன்னும் பின்னும் உள்ள பைப்பின் சூட்டை அளந்து பாருங்கள். டிராப்பே ஆறிப்போய்க் கிடந்தால் அடைப்பு, தண்ணீர் வெளியேறாமல் பின்னால் நிறைகிறது. திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தால் ஸ்டீம் விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து டிரெயின் வால்வைக் கவனமாகத் திறந்து விட்டால் முதலில் தண்ணீர் கொட்டி, பிறகு ஸ்டீம் வரும். அரை நிமிடத்துக்கு மேலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. பிற்பகலில் ஒரு மழை அடித்து ஊற்றும்போது வேக்கம் ஆடத் தொடங்கி, மழை விட்ட அரை மணியில் தானாகச் சரியாகிறதா? மேலே போய், பைப்பின் சூடு போகாமல் சுற்றியிருக்கும் லேக்கிங்கைப் பாருங்கள். அலுமினியத் தகடு கழன்று, உள்ளே கம்பளி நனைந்து கிடக்கும். ஃபிளேஞ்ச் பக்கத்தில் வெறும் இரும்பு தெரியும். 144 டிகிரியில் இருக்கும் 3 பார் ஸ்டீம் பைப் மேல் மழைத் தண்ணீர் விழுந்தால் உள்ளே ஸ்டீம் மளமளவென்று தண்ணீராகும். ஐந்து அடி லேக்கிங்கைச் சரி செய்தால் தீரும் பிரச்சினைக்குச் சிலர் நாஸில் மாற்றியிருக்கிறார்கள்.

பாய்லர் தண்ணீர் பொங்கி ஸ்டீமோடு வந்தாலும் இதே அறிகுறிதான். அப்போது எஜெக்டர் மட்டுமில்லை, டர்பைனும் அழும். பாய்லர் ஆட்களிடம் தண்ணீர் மட்டத்தையும், உப்புத் தண்ணீரை வெளியேற்றும் புளோடவுனையும் கேளுங்கள்.

காலையில் சரி, மாலை நான்கு மணிக்கு மோசம்

இது தண்ணீர். முதல் கட்ட எஜெக்டர் தள்ளிவிடும் நீராவியைக் கண்டென்சர் குளிர்வித்துத் தண்ணீராக்கிவிட வேண்டும், காற்று மட்டும்தான் இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டும். கண்டென்சருக்குள் இருக்கும் தண்ணீரின் சூடே அங்குள்ள அழுத்தத்துக்குத் தரை. 35 டிகிரித் தண்ணீருக்கு 56 மில்லிபார், 40 டிகிரிக்கு 74, 45 டிகிரிக்கு 96. இதற்குக் கீழே எந்த ஜெட்டாலும் இறக்க முடியாது. பிற்பகல் வெயிலில் கூலிங் டவர் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி ஏறினாலே கண்டென்சர் அழுத்தம் ஏறி, முதல் கட்டம் தன் வரம்பை முட்டுகிறது.

இரண்டு வெப்பமானி வேண்டும், ஒன்று தண்ணீர் உள்ளே வரும் இடத்தில், ஒன்று வெளியேறும் இடத்தில். உள்ளே 30, 31 வந்து வெளியே 36, 38 போனால் தண்ணீர் வேலை செய்கிறது. உள்ளே வருவதே 35 என்றால் கூலிங் டவரைப் பாருங்கள். விசிறி பிளேடு, பாசி பிடித்த அடுக்கு, தண்ணீர் சீராகப் பரவாமல் ஒரு பக்கமே கொட்டுவது, இவைதான் வழக்கமான காரணங்கள். உள்ளே 30 வந்து வெளியே 48 போனால் தண்ணீர் அளவு போதவில்லை. பம்ப் ஸ்ட்ரைனரில் நார்க் குப்பை சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது கண்டென்சருக்குள் தெளிக்கும் துளைகள் அடைந்திருக்கும்.

மூன்றாவது நிலைமையில்தான் பலர் ஏமாறுவார்கள். உள்ளே 30, வெளியே 33, ஆனால் வேக்கம் இல்லை. தண்ணீர் சூடேறவே இல்லை என்றால் நீராவியைத் தொடாமல் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து போகிறது என்று பொருள், இல்லையென்றால் காற்று நிறைய உள்ளே வந்து நீராவிக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கிறது. தெளிப்பான் சரியாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கண்டென்சர் தண்ணீர் வந்து விழும் தொட்டியான ஹாட் வெல்லில் மிதக்கும் எண்ணெயையும் பாருங்கள். கொஞ்சம் மினுமினுப்பு சகஜம். கையில் அள்ளும்படி மிதந்தால் டிரையரில் எண்ணெய் மட்டம் ஏறி, மேலே இழுபட்டுப் போகிறது. அது காசும் போச்சு, கூலிங் டவரும் போச்சு என்ற கதை.

ராவும் பகலும் ஒரே குறைவு

வெயிலுக்கும் ஸ்டெரிலைசருக்கும் சம்பந்தமில்லாமல் எப்போதும் 640-ல் நிற்கிறதென்றால் காற்று ஓட்டை, அல்லது நாஸில் தேய்மானம். ஓட்டையை முதலில் பாருங்கள், அதற்குக் கழற்ற வேண்டியதில்லை.

டிரையரைக் காலி செய்து, ஆறவிட்டு, உள்ளே ஈரம் இல்லாமல் வேக்கம் இழுங்கள். பிறகு எல்லா வால்வையும் மூடி, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். உள்ளே எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் அதன் ஆவியே அழுத்தத்தை ஏற்றும், கணக்கு பொய்யாகிவிடும். டிரையரின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து, ஏறிய மில்லிபாரால் பெருக்கி, நிமிடத்தால் வகுத்து, 0.07-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோ காற்று நுழைகிறது என்று வரும். 5 கன மீட்டர் டிரையர் பத்து நிமிடத்தில் 80-லிருந்து 180-க்கு ஏறினால் மணிக்கு சுமார் மூன்றரைக் கிலோ. உள் அழுத்தம் 500 மில்லிபாரைத் தாண்டாத வரைக்கும்தான் இந்தக் கணக்கு பொருந்தும். உங்கள் எஜெக்டர் எத்தனை கிலோ காற்றுக்கு வடிவமைத்தது என்பது தயாரிப்பாளர் தாளில் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டை எங்கே? சைட் கிளாஸ் கேஸ்கெட், மேன்ஹோல் மூடி, ஃப்ளோட் வால்வின் தண்டு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எண்ணெயை வெளியே இழுக்கும் பம்பின் கிளாண்டுக்கு, அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்புக்குப் போங்கள். அந்தப் பம்பின் உறிஞ்சும் பக்கமும் வேக்கத்தில்தான் இருக்கிறது. கிளாண்டில் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். சொட்டவில்லையே, நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். வேக்கம் ஓடும்போது இணைப்புகளில் சவரக் கிரீம் நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். ஊதுபத்திப் புகையையும் சிலர் பயன்படுத்துவார்கள். அது நல்ல வழிதான், ஆனால் நார்த் தூசி படிந்த இடத்தில் நெருப்புக் கங்கு வேண்டாம், நுரையே போதும்.

இதிலும் பிடிபடவில்லையென்றால் எஜெக்டரின் உறிஞ்சும் வாயில் ஒரு பிளைண்ட் தகட்டைப் போட்டு மூடிவிட்டு ஓட்டுங்கள். தகடு போட்டதும் வேக்கம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஏறினால் எஜெக்டர் நிரபராதி, குற்றவாளி டிரையர் பக்கம் இருக்கிறான். தகடு போட்டும் ஏறவில்லையென்றால், ஸ்டீமும் தண்ணீரும் சரியாக இருக்கும் பட்சத்தில், அப்போதுதான் ஸ்பேனர்.

உறிஞ்சும் தலை சுடுகிறது, டிரையருக்குள் தண்ணீர் வருகிறது

உடனே டிரையர் வால்வை மூடுங்கள். ஸ்டீம் முன்னே போகாமல் பின்னால் திரும்புகிறது. கண்டென்சர் நிரம்பியிருந்தால் இப்படி நடக்கும். கண்டென்சரிலிருந்து தண்ணீரை இறக்கும் பாரோமெட்ரிக் குழாய் ஹாட் வெல் தண்ணீர் மட்டத்திலிருந்து குறைந்தது 10.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். வெளிக்காற்று ஒரு தண்ணீர்த் தூணை அவ்வளவு உயரம் தூக்கும். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் சாய்ந்தபடியே நூறு வருஷத்துக்கு மேல் நிற்கலாம், ஆனால் இந்தக் குழாய் நெட்டுக்குத்தாக இறங்க வேண்டும். வளைத்தே ஆக வேண்டுமென்றால் படுக்கையிலிருந்து 45 டிகிரிக்குக் குறையாத சரிவு வேண்டும். படுக்கையாக ஓடும் துண்டில் காற்று தேங்கி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். ஹாட் வெல்லில் சேறு படிந்து குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் ஆலைகளில் இது வழக்கம்.

நிறுத்தும் வரிசை தப்பினாலும் இதே நிலை வரும். ஏற்றும்போது தண்ணீர் முதலில், பிறகு இரண்டாம் கட்ட ஸ்டீம், வேக்கம் ஓரளவு வந்ததும் முதல் கட்டம், கடைசியாக டிரையர் வால்வ். இறக்கும்போது அப்படியே தலைகீழ், டிரையர் வால்வ் முதலில் மூட வேண்டும். ஷிப்ட் முடிகிற அவசரத்தில் ஸ்டீமை முதலில் மூடிவிட்டுப் போனால் டிரையரில் மிச்சமிருக்கும் வேக்கம் கண்டென்சர் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

வேக்கம் அருமை, எண்ணெயில் ஈரம் இருக்கிறது

எஜெக்டரைத் தொடாதீர்கள். ஏற்றுமதி எண்ணெயில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து 0.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அமிலம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் ஆலையில் ஈரத்தை 0.1 சதவீதத்துக்குக் கீழே பிடிக்கப் பார்க்கிறோம். ஈரம் கூடினால் முதலில் உள்ளே வரும் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். 75-ல் வந்தால் பறக்கப் போதுமான சூடு இல்லை. பிறகு டிரையருக்குள் இருக்கும் தெளிப்பு முனைகள். முனை அடைந்து எண்ணெய் தாரையாக விழுந்தால் ஈரத்துக்கு வெளியேற வழி கிடைக்காது. கடைசியாக சாம்பிள் பாட்டில், அதைக் கழுவிக் காயவைக்காமல் எடுத்துவந்தவர் யார் என்று லேபில் கேளுங்கள்.

சூட்டை 100-க்கு மேல் தூக்கிச் சரிக்கட்டுவது தப்பு. ஈரம் போகும், ஆனால் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து தரம் இறங்கும்.

வேக்கம் சரி, ஸ்டீம்தான் அதிகம் தின்கிறது

7 பார் ஸ்டீமில் தொண்டை விட்டம் 10 மி.மீ. உள்ள நாஸில் மணிக்கு சுமார் 330 கிலோ ஸ்டீமைக் குடிக்கும். அரை மி.மீ. தேய்ந்து 10.5 ஆனால் 360-ஐத் தாண்டும். பரப்பு 7 சதவீதம் கூடினால் நாஸிலை மாற்று என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. 10 மி.மீ. நாஸிலுக்கு அது வெறும் 0.34 மி.மீ. தேய்மானம்தான். நார், ஓடு எரிக்கும் பாய்லரில் ஸ்டீம் இலவசம்தானே என்று சிலர் சொல்வார்கள். எஜெக்டர் உயர் அழுத்த லைனில் இருந்தால் அந்த ஸ்டீம் டர்பைனைத் தொடாமலே போகிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதே ஜெட் வேறு வேலையில்

இந்தத் தத்துவம் ஆலைக்கு மட்டும் சொந்தமில்லை. 1858-ல் பிரான்சில் ஆன்றி ஜிஃபார்ட் ஸ்டீம் ஜெட்டாலேயே பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் கருவியைக் கொண்டுவந்தார். 1910 வாக்கில் மோரிஸ் லெப்ளான் அதையே குளிரூட்டவும் பயன்படுத்தினார்.

கண்டென்சிங் டர்பைன் வைத்து மின்சாரம் விற்கும் ஆலைகளில் கண்டென்சரிலிருந்து காற்றை உறிஞ்சுவதும் எஜெக்டர்தான். அங்கே வேக்கம் குறைந்தால் மெகாவாட் குறையும். பார்க்க வேண்டிய ஒரே இடம், கண்டென்சேட் தண்ணீரின் சூடு. கண்டென்சர் அழுத்தத்துக்கு உரிய கொதிநிலையை விடக் கண்டென்சேட் பல டிகிரி குளிர்ந்து வந்தால் உள்ளே காற்று தேங்கியிருக்கிறது. காற்று எங்கோ நுழைகிறது, அல்லது எஜெக்டர் வெளியே எடுக்கவில்லை. கொதிநிலையும் கண்டென்சேட் சூடும் ஒத்துப்போய், குளிர்விக்கும் தண்ணீர் மட்டும் சூடாக இருந்தால் கூலிங் டவரைப் போய்ப் பாருங்கள்.

"மிச்ச ஸ்டீம் இருக்கே, ஆபீசுக்கு ஏர்கான் போட முடியாதா?" என்று எங்கள் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். முடியும். தண்ணீரை 10 டிகிரிக்குக் குளிர்விக்க அதன் மேல் 12 மில்லிபார் வேக்கம் பிடிக்க வேண்டும். தண்ணீரே கொதித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஆவியை 56-லிருந்து 74 மில்லிபாருக்குள் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ள வேண்டும். நம் ஊர்த் தண்ணீரின் சூட்டுக்கு அதுதான் விலை. அப்படியொரு சில்லரில் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் கண்டென்சர் தண்ணீரை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டிப் பாருங்கள். இறங்கினால் ஜெட் பரவாயில்லை, டவர் சிறிது. இதற்கென்றே ஸ்டீம் எடுப்பதென்றால் மின்சார ஏர்கானை விட இது பல மடங்கு சக்தி கேட்கும். வெளியே ஊதி வீணாகும் ஸ்டீம் உண்மையிலேயே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சூப்பர்மார்க்கெட்டில் கார்பன் டை ஆக்சைடு ஓடும் குளிர்சாதனங்களிலும் இப்போது எஜெக்டர் வருகிறது. அந்த வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாகாது. நம் வெயிலில் அது பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியே கிடக்கும். வால்வில் வீணாகும் அழுத்தத்தை ஜெட் மீட்டுக் கம்ப்ரஸருக்கு உதவுகிறது. அது வேறு ஆட்களின் வேலை. 70, 80 பாருக்கு மேல் ஓடும் சிஸ்டத்தில் ஸ்டீம் ஃபிட்டர் கை வைக்கக் கூடாது.

சரி, கழற்றித்தான் ஆக வேண்டும்

ஸ்டீம் வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, லைனை டிரெயின் செய்து, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகு. முதலில் ஸ்ட்ரைனர். அதில் துருச் செதிலும் பழைய கேஸ்கெட் துண்டும் அள்ளும்படி கிடந்தால் நாஸிலைத் திறக்காமலே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

நாஸிலின் தொண்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கோடு விழுந்திருந்தால் ஈர ஸ்டீமின் கைவேலை, புது நாஸில் போட்டாலும் ஈரத்தைச் சரி செய்யாவிட்டால் இதே கதிதான். வெள்ளையாகப் படிந்திருந்தால் பாய்லர் தண்ணீரின் உப்பு. அளக்க வெர்னியர் காலிபரின் உள்தாடை இங்கே நம்பகமில்லை. பிளக் கேஜ் வேண்டும், இல்லையென்றால் சரியான அளவு டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத் தண்டு. 10 மி.மீ. தண்டு தொளதொளவென்று ஆடி, 10.3 இறுக்கமாகப் போனால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. படிவை எடுக்க மரக்குச்சியும் மெல்லிய பித்தளைக் கம்பியும் போதும். டிரில்லை மெஷினில் மாட்டித் துளையைச் சுத்தம் செய்யவே கூடாது, ஒரு நொடியில் நாஸில் வேறு அளவாகிவிடும்.

நாஸிலின் திரெட்டையும் பாருங்கள். அங்கே ஸ்டீம் கசிந்தால் ஜெட்டுக்குள் போகாமல் நேராக உறிஞ்சும் அறைக்குள் கசியும். வெளியே ஒன்றும் தெரியாது, எஜெக்டர் தன் ஸ்டீமைத் தானே உறிஞ்சிக்கொண்டிருக்கும். திரெட்டின் மேல் பளபளவென்று ஒரு தடம் இருந்தால் அதுதான் அடையாளம்.

முதல் கட்ட நாஸிலும் இரண்டாம் கட்ட நாஸிலும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் தொண்டை அளவு வேறு. கழற்றும்போதே பெயின்ட் மார்க்கரால் எண் போடுங்கள். புது நாஸில் வாங்கும்போது பழைய தேய்ந்த அளவைக் கொடுக்காதீர்கள். எஜெக்டர் உடம்பில் ஆணியால் அடித்த பிளேட்டிலிருந்து சீரியல் எண், ஸ்டீம் அழுத்தம், கட்ட எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பிளேட் பெயின்டுக்குள் மறைந்திருந்தால் தின்னர் துணியால் மெதுவாகத் துடையுங்கள், சுரண்டினால் எழுத்தும் போய்விடும்.